மயிலைத் தோமையார் திருக்கோயில்: வரலாறும் கட்டட அமைதியும்

கொல்லிமலை என்ற அளவிலே தமிழ் கற்றோர் உள்ளத்தில் வல்வில் ஓரியும் கொல்லிப் பாவையும் தோன்றுதல் இயல்பு. அம்மலையின் மேற்பரப்பைப் பதினான்கு நாடுகளாகப் பகுத்து வழங்குவர். அவற்றுள் ஒன்று பைல் நாடு. சென்ற விடுமுறையில் யாமும் எம் மாணவர் அறுவரும் அந்நாட்டுச் சிற்றூர் ஒன்றிலே சிலநாள் தங்கியிருந்தோம்.

அவ்வூர் நடுவே புல்வேய்ந்த சிறுகோயில் ஒன்றுண்டு. மண்ணாலாகிய சுவர்; காட்டுமரத் தூண்; தலை குனிந்தாலன்றி உட்புக இயலாத வாயில். கீழ்நாட்டிற் கொத்துவேலை பயின்று மீண்ட இளைஞர், அதனை இடித்துச் சிமெண்டாற் புதுக்கோயில் கட்டவேண்டுமென்றனர். முதியோர் அதற்கு இசைந்திலர். ஒருநாள் மாலை இருசாராரும் கோயில் முன்றிலிற் கூடியிருந்தபொழுது, ஊர்க் கவுண்டர் எம்மை நோக்கி, “ஐயா, நீங்கள் நாலெழுத்துப் படித்தவர்கள். பழைய கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் சாமி அங்கேயே இருக்குமா? வேறெங்காவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்களா?” என வினவினார்.

வினா எளிது, விடை அத்துணை எளிதன்று. அன்றிரவு யாம் அவர்க்குக் கூறியது, சென்னை மயிலாப்பூரிற் கடலோரத்தே விளங்கும் சாந்தோம் பேராலயத்தின் வரலாறு. ஓரிடத்தையே பற்றிக்கொண்டு, பலமுறை பாழாகியும் இடிக்கப்பெற்றும் எழுப்பப்பெற்றும் வந்துள்ள கோயில் அது. ஆங்குக் கூறியதைச் சற்று விரித்து ஈண்டு வரைகின்றோம். கவுண்டரின் வினா எம்முடைய வினாவும் ஆயிற்று என்பதே இதனை எழுதப் புகுந்ததற்குக் காரணம்.

யாத்திரைக் கோயிலின் இயல்பு

ஊர்க்கோயில் வேறு, யாத்திரைக் கோயில் வேறு. ஊர்க்கோயில் மக்கள் வாழுமிடத்தை நாடி வருவது. யாத்திரைக் கோயிலோ மக்களைத் தான் இருக்குமிடத்திற்கு வரச்செய்வது. கொல்லிமலை மக்கள் இவ்வேறுபாட்டை நன்கறிவர். ஆடித் திங்கள் பதினெட்டாம் நாளில் பல நாட்டாரும், மலையடிவாரத்து ஊராரும், வளப்பூர் நாட்டிலுள்ள அறப்பளீசுவரர் கோயிலை நோக்கித் திரள்கின்றனர். ஐயாற்றில் நீராடி இறைவனை வழிபடுகின்றனர். தேவாரத்தில் அறைப்பள்ளி எனப் பெயர் சுட்டப்பெறும் வைப்புத்தலம் அது. உழவன் ஒருவன் ஏரோட்டியபொழுது கொழுமுனை பட்டுக் குருதி பெருக, நிலத்துள் மறைந்திருந்த இலிங்கம் வெளிப்பட்டதென்பது அத்தலத்தின் வரலாறு. ஆண்டு, இடம் முதலில் வெளிப்பட்டது. கட்டடம் அவ்விடத்தைச் சூழப் பின்னர் எழுந்தது.

யாத்திரைக் கோயில் எந்நாட்டிலிருப்பினும், எச்சமயத்ததாயினும், அதன் இலக்கணம் இதுவே. ஆகவே அத்தகைய கோயிலின் கட்டட அமைதியை ஆராயப் புகுவோர், அது எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு அழகியது என்பதை மட்டும் நோக்குதல் போதாது. அக்கட்டடம் அவ்விடத்தை எங்ஙனம் காட்டுகின்றது, வருவோரை அவ்விடத்திற்கு எங்ஙனம் அழைத்துச் செல்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

மயிலையின் கல்லறை

இயேசு பெருமானின் பன்னிரு சீடருள் ஒருவராகிய தோமையார் கி.பி. 52-இல் மேலைக் கடற்கரையிலுள்ள முசிறித் துறையில் வந்திறங்கினார் என்றும், பின்னர்க் கீழைக் கடற்கரைக்கு வந்து மயிலைப் பகுதியில் வாழ்ந்து, 72-இல் பரங்கிமலையில் ஈட்டியாற் குத்துண்டு இறந்தார் என்றும், அவருடல் மயிலைக் கடற்கரையில் அடக்கம் செய்யப்பெற்றதென்றும் இந்நாட்டுக் கிறிஸ்தவர் வழிவழியாகக் கூறிவருகின்றனர். மூன்றாம் நூற்றாண்டில் அவருடைய எலும்புகள் எடெஸ்ஸா நகருக்குக் கொண்டு செல்லப்பெற்றன என்பதும் மரபு. அங்கிருந்து கீயோஸ் தீவிற்கும், 1258-இல் இத்தாலி நாட்டு ஒர்டோனா நகருக்கும் அவை சென்றன என்பர்.

இங்கே ஒரு வினா எழும். எலும்புகள் பெயர்ந்து போயின எனின், மயிலையில் எஞ்சியது யாது? எஞ்சியது மண்ணும் இடமுமே. ஆயினும் யாத்திரை நின்றுபோகவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, வணிகரும் மிகுதியாக வாராத ஒரு சிற்றூரில் இக்கல்லறை இருந்ததென எழுதிவைத்துள்ளார். கிறிஸ்தவர் மட்டுமன்றி முஸ்லிம்களும் அங்கு யாத்திரை வந்தனர் என்றும், அவ்விடத்துச் செம்மண்ணை எடுத்துச் சென்று முறைக்காய்ச்சல் கண்டோர்க்கு நீரிற் கலந்து கொடுத்தனர் என்றும் அவர் குறிக்கின்றார். கோயில் விபூதியையும் திருமண்ணையும் பொதிந்து வீட்டிற்குக் கொண்டுசெல்லும் நம் நாட்டார்க்கு இச்செய்தி வியப்பளியாது.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பர்போசா என்னும் போர்த்துக்கீசியர் இதனைப் பற்றி எழுதியபொழுது ஆலயம் பாழடைந்திருந்தது. பாழடைந்த அவ்விடத்தே முஸ்லிம் துறவி ஒருவர் விளக்கேற்றி வந்தார் என்பது அவர் தரும் குறிப்பு. கட்டடம் இடிந்தது, விளக்கு அணையவில்லை. யாம் இதனைக் கூறியபொழுது ஊர்க் கவுண்டர் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

போர்த்துக்கீசியர் அவ்விடத்தை அகழ்ந்து கல்லறையைத் திறந்து, 1523-இல் ஆங்கு ஒரு புதுக்கோயிலை எழுப்பினர். எலும்புகளும், ஈட்டிமுனை ஒன்றும், மண் நிறைந்த கலயமும் கிடைத்தன என்று அவர்கள் எழுதிவைத்தனர். 1545-இல் பிரான்சிஸ் சவேரியார் மயிலையில் நான்கு திங்கள் தங்கி அங்கு வழிபட்டார். 1606-இல் போப்பாண்டவர் ஐந்தாம் பவுல், மயிலையைத் தனி மறைமாவட்டமாக்கவே, அக்கோயில் மேற்றிராணியாரின் தலைமைக் கோயிலாயிற்று. பின்னர்ச் சாந்தோம் நகரம் கோல்கொண்டாப் படைக்கும், 1672 முதல் 1674 வரை பிரெஞ்சுக்காரர்க்கும், அடுத்துப் பிறர்க்கும் கைமாறிற்று. 1749-இல் ஆங்கிலேயர் வயமாயிற்று. கோட்டையும் மதிலும் போயின. கல்லறையும் அதன்மேற் கோயிலும் நின்றன.

நடுநிலை பிறழாத ஆராய்ச்சியாளர் மற்றொன்றையும் மறைத்தலாகாது. இக்கடற்கரைப் பகுதி தமிழர் வழிபாட்டிற்கும் பழைமையான இடமே. தமிழ்க் கல்வெட்டுப் பொறித்த பழங்கற்கள் இவ்வளாகத்தே கிடைத்துள்ளன. கபாலீசுவரர் திருக்கோயில் முற்காலத்திற் கடலை ஒட்டி இருந்ததென்பதும் பலர் கொள்கை. ஓரிடத்தின் வரலாறு ஒரே ஏட்டில் முடிவதன்று.

கோதிக் முறையின் தோற்றம்

1523-இல் எழுந்த அக்கோயில் இன்று இல்லை. இன்று நாம் காண்பது 1896-இல் நிறைவுற்றது. அது கோதிக் என்னும் கட்டட முறையில் அமைந்தது. இம்முறை யாத்திரைக் கோயில்களோடு மிக நெருங்கிய தொடர்புடையதாகலின், அதன் தோற்றத்தைச் சிறிது அறிந்து செல்வோம்.

பாரிஸ் நகருக்கு அண்மையில் புனித தெனிஸ் மடாலயம் உள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதன் தலைவராயிருந்தவர் சூகேர் என்பார். திருவிழா நாட்களில் அடியார் கூட்டம் பழைய கோயிலுள் அடங்கவில்லை. உட்சென்றோர் வெளிவர இயலவில்லை. வெளிநின்றோர் உட்புக இயலவில்லை. பெண்கள் மக்களின் தலைகளையே தரையாகக் கொண்டு மிதித்துப் பீடத்தை அடைய நேர்ந்ததென அவரே வருந்தி எழுதியுள்ளார். இவ்விடரைத் தீர்க்கவே அவர் கோயிலைப் புதுக்கினார். 1144-இல் நிறைவேறிய அதன் கிழக்குப் பகுதியே கோதிக் முறையின் முதற்பெருஞ் செயல் என்பர் வரலாற்றறிஞர். எனவே, பின்னர் உலகெலாம் போற்றிய இக்கட்டடக் கலை, திருவிழாக் கூட்டத்தின் நெருக்கடியிலே பிறந்தது எனல் மிகையாகாது.

சூகேர் செய்தது யாது? பீடத்தைச் சுற்றி ஒரு நடைவழியை அமைத்து, அந்நடைவழியை ஒட்டிச் சிறுசிறு வழிபாட்டறைகளை வளைவாக வைத்தார். நம் கோயில்களிற் கருவறையைச் சூழ்ந்த திருச்சுற்று என்ன பயன் தருகின்றதோ, அப்பயனையே இந்நடைவழியும் தந்தது. கூட்டம் ஒருபுறம் புகுந்து, வழிபட்டு, மறுபுறம் வெளியேறும். இறைவன் முன் நிற்போர்க்கும் நகர்வோர்க்கும் இடையூறில்லை.

இனி, கோதிக் முறையின் கட்டுமான உறுப்புகள் மூன்று. முதலாவது கூர்வளைவு. அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்திற் பாதியே ஆதல் வேண்டும். அகலம் மாறின் உயரமும் மாறும். இரண்டு வட்டப் பகுதிகள் உச்சியிற் கூடும் கூர்வளைவிற்கோ இக்கட்டுப்பாடில்லை. அகலத்தை மாற்றாமலே உயரத்தைக் கூட்டலாம். மேலும், அது தன் சுமையைப் பக்கவாட்டில் தள்ளுவதினும் கீழ்நோக்கி மிகுதியாக இறக்கும். இரண்டாவது விலாவளைவு. மச்சின் எடை முழுதையும் நீண்ட சுவர் தாங்குவதற்கு மாறாக, மனித உடலின் விலா எலும்புகள் போல் குறுக்கே ஓடும் வளைவுகள் அதனைத் திரட்டி நான்கு மூலைத் தூண்களிற் சேர்க்கும். மூன்றாவது முட்டுச்சுவர். தூண்கள் வெளிப்புறம் சாயாதபடி புறத்தே நின்று தாங்குவது அது. தேர் நிலைபெயராதிருக்கச் சக்கரத்திற்கு முட்டுக்கட்டை இடுதலை இதற்கு ஒப்பாகக் கூறலாம்.

இம்மூன்றும் கூடிய அளவிலே, சுவர் சுமைதாங்கும் தொழிலினின்றும் விடுபட்டது. விடுபட்ட சுவரைத் திறந்து, ஓங்கிய சாளரங்களை வைத்து, வண்ணக் கண்ணாடிகளாற் புனிதர் வரலாறுகளைத் தீட்டினர். எழுத்தறியாத அடியார்க்கு அச்சாளரமே ஏடாயிற்று. நம் கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் புராணத்தை உணர்த்துதல் போன்றது இது.

பிற்காலக் கோதிக்: இரு சான்றுகள்

பதினான்காம் நூற்றாண்டு முதல் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை வழங்கியதைப் பிற்காலக் கோதிக் என்பர். விலாவளைவுகள் வலைபோலவும் விண்மீன்போலவும் பின்னப்பெற்றன. சாளரங்கள் மேலும் அகன்றன, அணிவேலை பெருகிற்று. இக்காலத்து யாத்திரைக் கோயிலுக்குச் சான்றாக ஜெர்மனி நாட்டு வில்ஸ்நாக் என்னும் சிற்றூர்க் கோயிலைக் காட்டலாம்.

1383-இல் அவ்வூரும் கோயிலும் எரியூட்டப்பெற்றன. சாம்பலினிடையே திருவிருந்து அப்பங்கள் மூன்று எரியாது கிடந்தன என்றும், அவற்றிற் குருதித்துளி காணப்பெற்றதென்றும் செய்தி பரவிற்று. பல நாடுகளினின்றும் அடியார் திரண்டனர். அவர்தம் காணிக்கையால் அச்சிற்றூரில் செங்கல்லாலாகிய பெருங்கோயில் ஒன்று எழுந்தது. ஐயம் கொண்டோரும் இருந்தனர். பிராக் நகரத்து ஜான் ஹஸ் இதனை மறுத்து எழுதினார். 1451-இல் கூசா நகரத்து நிக்கோலாஸ் என்னும் கர்தினால் இத்தகைய வழிபாட்டைத் தடுக்க முயன்றார். யாத்திரை நிற்கவில்லை. இறுதியில், சமயச் சீர்திருத்தம் பரவிய பின்னர், 1552-இல் அவ்வூர்ப் போதகரே அவ்வப்பங்களை எடுத்து எரித்துவிட்டார். யாத்திரை அற்றது. கோயிலோ இன்றும் ஓங்கி நிற்கின்றது. ஊரார் வழிபடும் ஊர்க்கோயிலாக விளங்குகின்றது.

இவ்விரு கோயில்களையும் அருகருகே வைத்து நோக்குக. வில்ஸ்நாக்கிற் கட்டடம் நிலைத்தது. அதனை எழுப்பிய காரணம் மறைந்தது. மயிலையிற் கட்டடம் மீண்டும் மீண்டும் மறைந்தது, காரணம் நிலைத்தது. கட்டடத்தின் வன்மை மட்டும் யாத்திரையைக் காவாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது சான்று நம் நாட்டிலேயே உள்ளது. போர்த்துக்கீசியர் இந்தியாவிற்கு வந்த காலம், அவர் நாட்டில் பிற்காலக் கோதிக் முறை மன்னர் மனுவேல் பெயரால் புதுக்கோலம் பூண்டு விளங்கிய காலம். கப்பற்கயிறு, முடிச்சு முதலிய கடற்செலவின் உருவங்களைக் கல்லிற் செதுக்கி அணிசெய்தல் அதன் தனித்தன்மை. பழைய கோவாவிற் குன்றின்மீது அமைந்த செபமாலை அன்னை ஆலயம், பதினாறாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இம்முறையிற் கட்டப்பெற்று இன்றும் நிற்கின்றது. திரண்டு உருண்ட மூலைகளும் சிறிய சாளரங்களும் கொண்டு அது ஒரு கோட்டைபோலத் தோன்றும். கயிற்று வடிவ அணிகள் அதிற் காணப்பெறும். மயிலையில் 1523-இல் எழுந்த கோயிலின் காலத்தை உணர விரும்புவோர் கோவாவிற்குச் சென்று இதனைக் காணுதல் தகும்.

1893: இடித்தலும் எடுத்தலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் மீண்டும் கோதிக் முறையை விரும்பலாயினர். 1834-இல் எரிந்த லண்டன் பாராளுமன்ற மாளிகையை இம்முறையிலேயே மீட்டெழுப்பினர். அவ்விருப்பம் கடல் கடந்து நம் நாட்டிற்கும் வந்தது. திருச்சிராப்பள்ளித் தெப்பக்குளத்தருகே ஓங்கி நிற்கும் லூர்து அன்னை ஆலயம் அதன் பயனே. பழைய கோதிக்கினின்றும் வேறுபடுத்தற்பொருட்டு இதனைப் புதுக்கோதிக் என்பர்.

மயிலை மேற்றிராணியார் என்ரிக் ரீட் த சில்வா அவர்கள் பழைய போர்த்துக்கீசியக் கோயிலை 1893-இல் இடிப்பித்தார். காப்டன் பவர் என்னும் ஆங்கிலப் படைப் பொறியாளர் புதுக்கோயிலை வகுத்தார். 1896 ஏப்ரல் முதல் நாளில் அது நேர்ந்தளிக்கப்பெற்றது. ஏறத்தாழ முந்நூற்றெழுபது ஆண்டுகள் நின்ற ஒரு கோயில், மூன்றே ஆண்டுகளில் மறைந்து மற்றொன்றாயிற்று.

புதுக்கோயிலின் முன் நிற்போர் கண்ணை முதலில் ஈர்ப்பது அதன் பெருங்கோபுரம். 155 அடி உயரத்திற்கு அது கூர்ந்து செல்கின்றது. வெண்மை தீட்டிய புறச்சுவர். வரிசை வரிசையாகக் கூர்வளைவுச் சாளரங்கள். சுவரை ஒட்டிய முட்டுகள். முட்டின் உச்சிதோறும் சிறுகூம்புகள். உள்ளே நுழைந்தால் நெடிய நடுக்கூடம். மேலே தேக்கு மரக் கூரை. கல்மச்சின் பெருஞ்சுமை இங்கில்லை. ஆகவே ஐரோப்பியக் கோயில்களிற் போல் வெளியே பறந்து தாங்கும் வில்முட்டுகளும் வேண்டாவாயின. நாட்டிற்கும் பொருளுக்கும் ஏற்பக் கலை தன்னைச் சுருக்கிக்கொள்ளும் முறை இது. வண்ணச் சாளரம் ஒன்றில், உயிர்த்தெழுந்த ஆண்டவரின் காயத்தைத் தோமையார் ஐயம் நீங்கக் காணும் காட்சி தீட்டப்பெற்றுள்ளது.

இவை யாவும் பிற கோதிக் கோயில்களிலும் காணத்தக்கன. மயிலைக் கோயிலின் தனிச்சிறப்பு அதன் இரண்டாவது கோபுரம். பெருங்கோபுரத்தினும் சிறியது, கூரையின் நடுவிலிருந்து எழுவது. புதியவர் இதனை வெறும் அணியெனக் கருதுவர். அஃது அணியன்று, அடையாளம். அதற்கு நேர் கீழேதான் கல்லறை உள்ளது. பெருங்கோபுரம் கோயிலைக் காட்டுகின்றது. சிறுகோபுரம் இடத்தைக் காட்டுகின்றது. நம் கோயில்களில் வானளாவிய இராசகோபுரம் வாயிலுக்கு உரியதாக, இறைவன் உறையும் கருவறையின்மேல் அடக்கமான விமானம் நிற்றலை ஒப்புநோக்குக. பொறியாளர் நம் விமானத்தை நினைந்து இதனைச் செய்தார் என்று யாம் கூறவில்லை. ஒரே தேவை இரு நாட்டாரையும் ஒரே வழியிற் செலுத்திற்று என்பதே எம் கருத்து.

1956-இல் இக்கோயில் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. 1986 பிப்ரவரியில் போப்பாண்டவர் இரண்டாம் அருள் சின்னப்பர் இங்கு வந்து வழிபட்டார். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த திருப்பணியில், கல்லறையை ஒட்டி நிலத்தடியில் ஒரு வழிபாட்டிடமும், அதற்குப் புறத்தேயிருந்து இறங்கும் தனிவழியும் அமைத்தனர். மேலே பூசை நிகழும் வேளையிலும், யாத்திரிகர் அதற்கு இடையூறின்றிக் கல்லறையை அடைந்து வழிபட்டு மீளலாம். 1144-இல் சூகேர் பீடத்தைச் சுற்றி வழிவகுத்துத் தீர்த்த அதே இடரை, மயிலையார் நிலத்தின்கீழ் வழிவகுத்துத் தீர்த்தனர். எண்ணூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் யாத்திரைக் கோயிலின் வினா மாறவில்லை.

இடிப்போர் கடமை

இனி ஊர்க் கவுண்டரின் வினாவிற்கு வருவோம். பழையதை இடித்தல் தகுமா?

இடித்தலே தகாது எனின், நம் முன்னோரும் பிழைசெய்தவராவர். பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். ஆனால் திருக்கோடிகாவலில் நிகழ்ந்ததைக் கருதுக. பழைய கோயிலிற் கிடந்த கல்வெட்டுகளின் வாசகங்களை, இவை பழங்கல்லிற் கண்டபடி என்று குறித்துப் புதுச்சுவரிற் படியெடுத்துப் பொறித்தனர். பழங்கல் போயிற்று, அது சொன்ன சொல் போகவில்லை. திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்து, இறைவனை ஒரு சிறுகோயிலில் எழுந்தருளுவித்து, பணி முடிந்தபின் குடமுழுக்காட்டி மீண்டும் அவ்விடத்தே நிறுவும் வழக்கமும் இக்கருத்துடையதே. கட்டடம் மாறும், இடமும் நினைவும் மாறலாகா.

மயிலையில் இடம் காக்கப்பெற்றது. கல்லறையின்மீது தனிக்கோபுரமே எழுந்தது. ஆயினும், போர்த்துக்கீசியர் கட்டிய அப்பழங்கோயிலின் உருவத்தை இன்று நாம் சென்று காண இயலாது. அதன் வாயில் எத்தகையது, அதனுள் ஒளி எவ்வழி விழுந்தது, முந்நூறாண்டுகள் மக்கள் முழந்தாளிட்ட தரை எங்ஙனம் தேய்ந்திருந்தது என்பவற்றைக் கண்ணாற் காணும் பேறு நமக்கில்லை. புதியது அழகியது, அதற்காகப் பழையது இழப்பன்று என்று கூற எமக்கு மனம் வரவில்லை.

தோமையாரைப் பற்றிய பழங்கதை ஒன்று சிரிய மொழியில் உண்டு. அவர் தச்சரும் கட்டடக்காரருமாகக் கொந்தோபரஸ் என்னும் மன்னனிடம் வந்தாராம். மன்னன் அரண்மனை கட்டுமாறு பெரும்பொருள் கொடுத்தான். அவர் அப்பொருளையெல்லாம் வறியோர்க்கு ஈந்துவிட்டார். அரண்மனை எங்கே என மன்னன் வினவ, அது விண்ணுலகிற் கட்டப்பெற்றுள்ளது. இவ்வாழ்க்கையை நீத்தபின் காண்பாய் என்றாராம். இக்கதையினாலே மேனாட்டார் அவர் கையில் மூலைமட்டத்தைக் கொடுத்து ஓவியம் தீட்டுவர். கட்டடக் கலைஞர்க்கு அவரையே காவலராகக் கொள்வர். செங்கல் ஒன்றும் அடுக்காத கட்டடக்காரர் ஒருவரின் கல்லறைமேல் 155 அடிக் கோபுரம் நிற்பதை எண்ணிப் பார்ப்போர், கட்டடத்தைப் பெரிதாகவும் மதிப்பர்; அதனையே எல்லாமெனவும் மயங்கார்.

இவற்றை யாம் கூறி முடித்தபொழுது இரவு நெடுநேரமாயிற்று. மறுநாட்காலை எம் மாணவர் நால்வர் அப்புல்வேய்ந்த கோயிலை அளந்தனர். நீளம், அகலம், வாயிலின் உயரம், தூண்களின் இடைவெளி யாவும் குறித்துப் படம் வரைந்தனர். வாயில் ஏன் இத்துணைத் தாழ்வாக அமைந்தது என ஒரு மாணவர் வினவ, “குனியாமல் உள்ளே போகக்கூடாது தம்பி, அதற்குத்தான்” என்றார் ஒரு முதியவர். புதுக்கோயிலின் வாயிலைத் தாம் ஏழடியாக எண்ணியிருந்ததாக இளங்கொத்தர் ஒருவர் மெல்லச் சொன்னார். எவரும் விடை கூறவில்லை.

இடிப்பதா, காப்பதா என்று அவ்வூரார் இன்னும் முடிவு செய்திலர். முடிவு செய்தல் அவர்க்கே உரியது. யாம் மலையினின்று இறங்குமுன் ஊர்க் கவுண்டர் இரண்டு செயல்கள் செய்வித்தார். படத்தின் படி ஒன்றை எம்மிடம் கேட்டு வாங்கி, மடித்து, ஊர்க்கணக்கு வைத்த தகரப் பெட்டியில் வைத்தார். பின்னர், அவ்விளங்கொத்தரையே அழைத்து, உள்ளே தெய்வம் நிற்கும் இடத்தைச் சுற்றி நான்கு மூலையிலும் முளை அடிக்கச் சொன்னார். “மேலே எதை வேண்டுமானாலும் கட்டுங்கள். இந்த நாலு முளைக்குள்ளே மட்டும் கடப்பாரை படக்கூடாது” என்றார்.